கலெக்‌ஷன்

அன்று முதலில் வாய் திறந்தது நாத்தனாரா, தம்பியா என்பதில் அவளுக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. நாற்காலிகள் வந்து இறங்கிய பிறகுதான் சண்டை தொடங்கியது என்று ஒரு நினைவு. இல்லை, எல்லோரும் நின்றுகொண்டுதான் கத்தினார்கள், நாற்காலி அப்புறம்தான் வந்தது என்று இன்னொரு நினைவு. இரண்டில் எது சரி என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. அந்த நேரத்தில் தான் குத்துக்காலிட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது மட்டும் அவளுக்கு நிச்சயம்.

வீடு மாடியில் இருந்தது. படிக்கட்டு அத்தனை குறுகல். கட்டிலைக்கூடக் கழற்றித்தான் ஏற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் கணவனின் உடலோடு வரும் பெட்டியை அதில் ஏற்றினால் வளைவில் சாய்க்க வேண்டிவரும், சாய்த்து ஏற்ற வேண்டாம் என்று நெட்டை சொல்லிவிட்டான். நெட்டை அவள் கணவனோடு ஒரே ஸ்டாண்டில் டாக்சி ஓட்டுகிறவன். சொந்தக்காரன் இல்லை என்றாலும் காலையிலிருந்து உருப்படியாக வேலை பார்த்தவன் அவன் ஒருவன்தான். கீழே, கணவனின் டாக்சி நிற்கும் இடத்திலேயே உடலை வைப்பது என்று முடிவாயிற்று. நெட்டை டாக்சியை எடுத்துத் தெருவில் விட்டான். வண்டி நகர்ந்ததும், அது நின்ற இடத்தில் ஆயில் சொட்டிச் சொட்டிப் படிந்த கறை, தலையணை அகலத்துக்குக் கறுப்பாகத் தெரிந்தது.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு விடுதியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள் அவள். சோப்புத் தூளைக் கொட்டி, வெந்நீர் ஊற்றி, ஊறவிட்டு, கெட்டி பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தாள். அழுவதற்கு வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் இதைப் பார்த்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"விடும்மா," என்றாள் மகள். "மேல விரிப்பு போட்டா தெரியாது."

"எனக்குத் தெரியுமில்ல."

அப்போதுதான் தம்பி வந்தான். அவளுடைய கூடப்பிறந்த ஒரே தம்பி, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். காரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு, மடிப்புக் கலையாத சட்டையோடு, ஈரத்தில் எங்கே கால் வைப்பது என்று பார்த்தபடி நின்றான்.

"அக்கா," என்றான்.

அவள் நிமிரவில்லை. "அந்தப் பக்கமா நில்லு. ஷூவுல பட்டா வழுக்கும்."

மாடிப்படியிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. இறந்தவனுக்கு அக்கா, அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். காலையிலிருந்து அழுததில் தொண்டை கட்டியிருந்தது, ஆனால் கோபத்துக்குத் தேவையான குரலை மிச்சம் வைத்திருந்தாள்.

"வந்துட்டாரு பாரு துரை. சாவுக்கும் இஸ்திரி போட்டுக்கிட்டு வந்துட்டாரு."

"அக்கா, இப்ப வேணாம்க்கா," என்றான் நெட்டை.

"எப்ப பேசச் சொல்ற? அவன அனுப்பி வச்ச பிறகா? நெட்டை, நீயே சொல்லு. நேத்து நீதான பக்கத்துல இருந்த. ஸ்டாண்டுக்கு எதிர்லயே பெரிய ஆஸ்பத்திரி. ரோட்டத் தாண்டினா போதும். என் தம்பி ஏன் போகல?"

நெட்டை கைகளைக் கட்டிக்கொண்டான். உயரமான ஆள் கூனும்போது இன்னும் பரிதாபமாக இருக்கும். "நெஞ்சு வலிக்குதுன்னாரு. உள்ள போயிடலாம்னு கையப் புடிச்சு இழுத்தேன். அட்வான்ஸ் எவ்வளவு கேப்பானோன்னாரு. வாயுவாத்தான் இருக்கும், ஒரு சோடா வாங்கிட்டு வாடான்னாரு." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பாதி குடிச்சாரு. அப்புறம் முடியலன்னு அவரே பின் சீட்டுல ஏறிப் படுத்துக்கிட்டாரு. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு விட்டேன். போற வழியிலயே..."

"கேட்டீங்களா எல்லாரும்? அட்வான்ஸ்! ஒரு பாலிசி இருந்திருந்தா கார்ட நீட்டிட்டு உள்ள போயிருப்பான். போன வருஷம் அந்தப் பாலிசி எடுக்கத்தான் இந்த ஆள்கிட்ட போனான். சொந்த மச்சினன்னு நம்பிப் போனான். இவன் கமிஷனுக்கு ஆசப்பட்டு யானை விலை குதிரை விலை சொல்லித் துரத்தி விட்டான்!"

பிரஷ் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி தேய்த்தது.

ஸ்டாண்டில் அவள் கணவனைக் கலெக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் ஃபோனில் "கலெக்டர் பேசறேன்" என்பான். ஒரு முறை தெரியாத நம்பரில் இருந்தவர் பயந்துபோய் "சொல்லுங்க சார்" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். பெயர் வந்த கதை வேறு. டாக்சிக்காரர்கள் மாலையில் ஒருவரையொருவர் எவ்வளவு சம்பாதித்தாய் என்று கேட்பதில்லை. கலெக்‌ஷன் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். பயணிகள் கையிலிருந்து வந்தது எல்லாமே கலெக்‌ஷன். அதிலிருந்து வண்டி முதலாளிக்கு அன்றாட வாடகை போகும், எரிபொருள் போகும், பஞ்சர் போகும், அபராதம் போகும். கடைசியில் மிஞ்சுவதற்கு ஸ்டாண்டில் பெயர் கிடையாது. அதை யாரும் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. கலெக்‌ஷனைப் பற்றி எல்லோரையும்விட உரக்கப் பேசுகிறவன் என்பதால் அவன் கலெக்டர்.

தம்பியின் அலுவலகம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. படியேறும்போதே ரப்பர் வாசனை கூட வரும். போன வருஷம் இருவரும் போய் உட்கார்ந்தபோது தம்பி நாற்காலியைச் சுழற்றித் திரும்பினான். குடும்பத்துக்கு ஒன்றாக எடுத்தால் மாமாவின் சர்க்கரையால் எல்லாருக்கும் சேர்த்துத் தொகை ஏறிவிடும், ஆளுக்கு ஒன்றாகத் தனித்தனியாகப் போடுவோம் என்றான். வயதைக் கேட்டான். மாத்திரைகளைக் கேட்டான். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தட்டினான். அதுவரை நன்றாகத்தான் போனது.

"மாமா, மாசம் உங்களுக்கு எவ்வளவு நிக்கும்?" என்றான். கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "ஒரு பதினஞ்சு நிக்குமா?" என்று தானே சொல்லிச் சிரித்தான். பக்கத்து மேசையில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"பதினஞ்சா?" கலெக்டர் கால்மேல் கால் போட்டுக்கொண்டான். "நாப்பதுன்னு போட்டுக்க மாப்ளே."

தம்பியின் விரல்கள் நின்றன. அவன் மாமாவைப் பார்த்தான், பிறகு அக்காவைப் பார்த்தான். அவள் சுவரில் இருந்த விளம்பரப் படத்தைப் பார்த்தாள். அதில் ஒரு அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நால்வரும் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் நாற்பதாயிரம் ஏறியது.

வந்த தொகையைத் தம்பி ஒரு சீட்டில் எழுதித் தள்ளினான். கலெக்டர் அதைப் பார்த்த முகத்தை அவள் பார்த்தாள். "நாப்பது சம்பாதிக்கிறவருக்கு இது ஒரு காசா மாமா?" என்றான் தம்பி. "அதானே," என்று சிரித்துவிட்டுக் கலெக்டர் எழுந்துவிட்டான். படியிறங்கும்போது, "உன் தம்பி என்னப் பதினஞ்சுன்னு நினைச்சுட்டான் பாத்தியா," என்றான்.

சில நாள் கழித்துச் சலவைப் பிரிவில் கூட வேலை செய்கிறவள் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. மாத வருமானம் இருபத்தைந்தாயிரத்துக்குக் கீழே இருந்தால் பாலிசிக்கு அரசாங்கச் சலுகை உண்டு, பாதித் தொகை கட்டினால் போதும். அந்தக் கேள்வியே அதற்காகத்தான். அன்று மாலை கணவனிடம் சொன்னாள்: "திரும்பப் போய் கைக்கு நிக்கிறதச் சொல்லலாம். பாதிதான் வரும்."

"அவன் முன்னாடி போயி, நான் சொன்னது பொய்டா மாப்ளேன்னு நிக்கணுமா?"

"வேற ஆபீஸுக்குப் போலாம்."

"அவன் காதுக்குப் போகாமயா இருக்கும்? விடு. எனக்கு என்ன, நான் கல்லு மாதிரி இருக்கேன்."

அவள் விட்டுவிட்டாள். தானாகவே போய் எடுத்திருக்கலாம். டிரைவரைக் கட்டிக்கொள்ளாதே என்று அன்றைக்கே சொன்னவன் தம்பி. அவன் முன்னால் போய் நிற்க அவளுக்கும் முதுகு வளையவில்லை. இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"நான் கமிஷனுக்காக எதையும் ஏத்திச் சொல்லல," என்று தம்பி இப்போது நாத்தனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஆபீஸில் பேசுகிற அதே குரல். "அவர் சொன்ன வருமானத்துக்கு என்ன தொகை வருமோ அதத்தான் சொன்னேன். நாப்பதுன்னாரு."

"ஆமா, நாப்பது சம்பாதிச்சான். உனக்கு அதுல என்ன வயித்தெரிச்சல்?"

"சம்பாதிக்கலங்க. அதான் விஷயமே."

நாத்தனார் படியிலிருந்து இறங்கி வந்தாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். ஒரு நல்ல சண்டைக்கு முன்னால் அழுகைக்கு மதிப்பில்லை.

"என்னடா சொன்ன?"

"மரியாதையாப் பேசுங்க."

"மரியாதை! என் தம்பி நாப்பது சம்பாதிக்கிறான்னு எங்க தெருவுல தெரியாத ஆளே கிடையாது, எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அவன் மூஞ்சிய இன்னும் வீட்டுக்குக்கூடக் கொண்டுவரல, அதுக்குள்ள அவனப் பொய்யன்னு சொல்றியா?"

"அக்கா." தம்பி குனிந்து, தரையில் இருந்தவளைப் பார்த்துக் கூப்பிட்டான். "நீ சொல்லு. நீ பக்கத்துலதான உக்காந்திருந்த. யாரு சொன்ன நம்பர் அது?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கறையின் ஓரத்தைத் தேய்த்தாள். நுரை முதலில் வெள்ளையாக இருந்தது, இப்போது சாம்பல் நிறமாக ஓடியது. ஒரு வார்த்தை சொன்னால் புருஷன் பொய்யனாகிறான், அதுவும் இன்றைக்கு, இத்தனை பேர் முன்னால், மகள் முன்னால். சொல்லாவிட்டால் தம்பி கொலைகாரனாகப் போவான். போகட்டுமே என்று ஒரு மனம் சொன்னது. அந்தச் சிரிப்புக்கு இது சரியான கூலிதான். தண்ணீர் சாக்கடைக்குள் இறங்கும் ஓசை மட்டும் கேட்டது. யாரோ ஒருவர் இருமியது ஞாபகம் இருக்கிறது.

"பாத்தியா, அவ வாயத் திறக்கல," என்றாள் நாத்தனார். "அவளுக்கே தெரியும், நீதான்னு. போடா வெளிய!"

இரண்டு கைகளாலும் அவன் மார்பில் தள்ளினாள். அவன் ஒரு காலைப் பின்னால் வைத்தான். சோப்புத் தண்ணீரில் அது சறுக்கியது. முழங்கால் தரையில் பட, ஒரு கையை ஊன்றிக்கொண்டான். பேன்ட் முட்டிவரை சாம்பல் நுரை. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். சாவு வீட்டில் சிரித்தது யார் என்று எல்லோரும் திரும்பினார்கள், யாரும் அகப்படவில்லை.

மகள்தான் அருகே வந்து குந்தினாள். அப்பாவின் செல்லம். பள்ளியில் அப்பா தொழில் என்ன என்று கேட்டால் "டாக்சி பிசினஸ்" என்று சொல்கிற பெண்.

"அம்மா, மாமா பொய் சொல்றாரா?"

அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"மாமா பொய் சொல்லல."

"அப்ப அப்பா?"

"அப்பா சொன்னது கலெக்‌ஷன்."

"என்னது?" என்றாள் நாத்தனார். அவளுக்கு அந்த வார்த்தை உண்மையாகவே புரியவில்லை. நெட்டையைப் பார்த்தாள். நெட்டை தன் செருப்பைப் பார்த்தான்.

"மொத்தமா கையில விழுறது, அண்ணி. வாடகை, பெட்ரோல் எல்லாம் போறதுக்கு முன்னாடி. கைக்கு நிக்கிறது பதினெட்டு. அதுவும் நல்ல மாசத்துல."

"பதினெட்டா?" நாத்தனார் அந்த எண்ணை வாயில் எச்சில் போல வைத்திருந்தாள். பிறகு துப்பினாள். "பொணம் வாசலுக்கு வர்றதுக்குள்ள புருஷன விட்டுக்குடுத்துட்டியேடி. இத்தன வருஷம் அவன் சோத்தத் தின்னுட்டு. நல்லா இருப்ப. நல்லாவே இருப்ப."

அவள் தரையில் கையை ஊன்றி எழுந்தாள். தம்பியும் எழுந்து, ஈரக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் விரித்து வைத்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. வழக்கில் ஜெயித்தவன் முகம்.

"நான் அப்பவே நினைச்சேன்க்கா, இந்த ஆளு..."

"நீ பேசாத. உனக்கும் தெரியும்."

"எனக்கு எப்படித் தெரியும்? அவர் சொன்னாரு, நான் போட்டேன்."

"பதினஞ்சு நிக்குமான்னு கேட்டது யாரு? பதினஞ்சுன்னு நினைச்சவன் நாப்பதுன்னு எப்படி அடிச்ச?"

அவன் ஈரக் கையைப் பேன்ட்டிலேயே துடைத்தான்.

"சலுகை இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னியா? குறைஞ்சாதான் மாமா நல்லதுன்னு ஒரு வார்த்தை. நீ சொல்லல. அவர் பீத்தறத அவர் தலையிலயே கட்டி விட்ட. விலையப் பாத்து அவர் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு உனக்குப் பாக்கணும். பாத்துட்ட."

"நீயும் அங்கதானக்கா இருந்த," என்றான் மெதுவாக. "நீ சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லல. நானும் சொல்லல." அவள் ஈரமான கையைச் சேலையில் துடைத்தாள். "நான் இங்கதான் இருப்பேன். எனக்குப் போக்கிடம் கிடையாது. நீ கிளம்பு."

"அக்கா, அவர் மூஞ்சிய ஒரு தடவ..."

"கிளம்பு."

தம்பி மகளைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நெட்டையின் கையிலிருந்த விரிப்பை வாங்கினாள். அவன் நனைந்த பேன்ட்டோடு தெருவில் நடந்தான். முட்டி வலித்ததோ என்னவோ, ஒரு காலைத் தாங்கித் தாங்கி வைத்தான்.

கறை முழுதாகப் போகவில்லை. வெளிறி, ஓரங்கள் கரைந்து, ஈரம் போலத் தெரிந்தது. விரிப்பைப் போடலாம் என்றாள். நாத்தனார் ஒரு நாற்காலியை இழுத்து, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு மறுபடி அழ ஆரம்பித்தாள். முன்பு "நாப்பது ஆள் வேலய ஒத்த ஆளா பாப்பானே" என்று அழுதவள். இப்போது எண்ணிக்கை எதுவும் இல்லாமல் வெறுமனே அழுதாள். அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள், ஆனால் அவர்கள் பார்வை அடிக்கடி இந்தப் பக்கம் வந்து போனது. ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ கேட்டாள். "பதினெட்டாம்" என்று அவள் உதடு அசைந்தது.

"அப்ப நாப்பது இல்லவே இல்லையா?" என்றாள் மகள், விரிப்பின் மறுமுனையைப் பிடித்தபடி.

"இருந்துச்சு. நம்ம வீட்டுக்கு வரல."

நெட்டையின் ஃபோன் அடித்தது. வண்டி மெயின் ரோட்டிலிருந்து திரும்பிவிட்டது என்றான். எல்லோரும் வாசலுக்கு நகர்ந்தார்கள்.

தெரு, இரண்டு வண்டிகள் எதிரெதிரே போக முடியாத தெரு. ஒரு பக்கம் கலெக்டரின் டாக்சி நின்றது. ஒரு முனையிலிருந்து தம்பியின் கார் கிளம்பிப் பாதித் தெருவுக்கு வந்திருந்தது. மறுமுனையில் ஆஸ்பத்திரி வண்டி உள்ளே திரும்பியது. இரண்டும் மூக்கோடு மூக்கு நின்றன. ஆஸ்பத்திரி வண்டிக்காரன் ஹார்ன் அடிக்கவில்லை. விளக்கை மட்டும் ஒரு முறை போட்டு அணைத்தான். கார் சிறிது நேரம் அசையாமல் நின்றது. பிறகு பின்னால் நகர ஆரம்பித்தது. நேராக வரவில்லை, இப்படியும் அப்படியும் சுவரை உரசுவதுபோல் வளைந்தது. நெட்டை பழக்கதோஷத்தில் முன்னே ஓடி, "வா, வா, லெஃப்ட்ல ஸ்டியரிங்க ஒடி, வரட்டும்" என்று கைகாட்டினான். அவள் வாசலில் நின்று, தன் தம்பி தெருமுனை வரைக்கும் பின்னாலேயே போவதையும், அவன் விட்ட இடம் முழுதையும் நிரப்பிக்கொண்டு அந்த வெள்ளை வண்டி மெல்ல வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்சியை மறுநாளே அதன் முதலாளி ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார். இப்போது அதை நெட்டைதான் ஓட்டுகிறான். பழையதைவிட இதற்கு வாடகை அதிகம் என்று குறைபட்டுக்கொள்கிறான். தம்பி அந்தச் செருப்புக் கடை மாடியை விட்டுப் பெரிய அலுவலகத்துக்கு மாறிவிட்டான். அக்காவோடு பேச்சுவார்த்தை இல்லை. நாத்தனார் அதன் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை; தன் தெருவில் தம்பி நாற்பது சம்பாதித்தவன் என்றுதான் இன்றும் சொல்கிறாள் என்று கேள்வி. மகள் படிப்பை மாலை வகுப்புக்கு மாற்றிக்கொண்டு, பகலில் ஒரு கண்ணாடிக் கடையில் இருக்கிறாள். மகளுக்கு ஒரு பாலிசி இருக்கிறது. தெரியாத ஒரு அலுவலகத்தில், சலவைக் கூலியும் மகள் சம்பளமும் கைக்கு வருகிறபடியே சொல்லி, சலுகையில் எடுத்தது. அம்மாவுக்கும் சேர்த்து அங்கே விலை போட்டுப் பார்த்தார்கள். இரத்த அழுத்தமும் வயதும் சேர்ந்து, பாதித் தொகையே மாதச் சோற்றுக்குமேல் நின்றது. அவளுக்கு எடுக்கவில்லை.